மாரியில குதிரை வளக்கிறதும் சவாரி போறதும்: வன்னியில அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சிக்குக் கிழக்கால, இரணைமடு வாய்க்கால் தண்ணி பாயிற பக்கம் ரெண்டு மட்டக்குதிரை வச்சிருக்கிறன். மூத்தவள் செல்லி. நுவரெலியாவில சனத்தை முதுகில ஏத்தி நடந்து நடந்து களைச்சவள், 2017இல லொறியில கொண்டு வந்தனான். மற்றவன் கறுப்பன், பேந்து வந்தவன். ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தா போதும், குதிரை வச்சிருக்கிற ஆக்களும் வாங்க யோசிக்கிற ஆக்களும் ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம், அதுதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில் எழுதி வைப்பம் எண்டு நினைச்சன்.

மார்கழிக் குளிருக்குக் கம்பளி போர்க்க வேணுமோ? கனடாவில எல்லாம் குதிரைக்குக் கோட் போடுறாங்களே?

வேண்டாம். கனடாவில சுழியத்துக்குக் கீழ பத்து, இருவது பாகை போகுது, அங்கயே நல்லாத் தின்னுற, நல்ல மயிர் வளந்த குதிரை கோட் இல்லாமல் நிக்கும். எங்கட இடத்தில மார்கழி விடியப்புறம் கூட 20 பாகையைச் சுத்தித்தான் நிக்கும். அந்தச் சூட்டில கம்பளி போட்டா உள்ளுக்க வேர்த்து, தோல் அவிஞ்சு, பேந்து பொருக்கு வந்து நிக்கும்.

இஞ்ச குதிரையைக் கெடுக்கிறது ஈரம். நாள் கணக்கா ஈரத்தில நிக்கிற கால், நாள் கணக்கா காயாத முதுகு, பூஞ்சணம் பிடிச்ச தீன், மாரி முழுக்க எனக்கு இந்த மூண்டோடயும்தான் சண்டை.

அப்ப 2022இல அவ்வளவு மாடுகள் குளிரில செத்துதே?

ஓம், அதை மறக்கேலாது. 2022 டிசம்பர் 8, 9இல, மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவால போன நேரம், வடக்கு கிழக்கில மாடு ஆடு நூற்றுக்கணக்கில செத்துது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சரியான அடி. விடிய எழும்பிப் பாத்தா பட்டியில கிடந்த கிடையிலயே விறைச்சுப் போய்க் கிடந்ததுகள். ஒரு இரவில ஒரு குடும்பத்தின்ர முழுச் சீவியமும் போனதை நான் கண்ணால பாத்தனான்.

ஆனா வடிவாப் பாத்தா அது சும்மா குளிர் இல்லை. மழையில ஊறி மயிர் உடம்போட ஒட்டிப் போட்டுது, அதுக்கு மேல விடாமல் காத்து, ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லை, கனக்க மாடுகள் ஏற்கனவே மெலிஞ்சும் இருந்தது. இந்த நாலும் சேந்தா குதிரைக்கும் அதே கதிதான். அண்டைக்கு இரவு செல்லியைக் கொட்டிலுக்குள்ள விட்டு, மேற்குப் பக்கம் படங்கு கட்டி, உடம்பைச் சாக்கால உரஞ்சித் துடைச்சு, காய்ஞ்ச புல்லை முன்னுக்கு மலை மாதிரிப் போட்டு வச்சனான். குதிரைக்குச் சூடு வாறது வயித்தாலதான், நார்த்தீன் உள்ளுக்க புளிக்கப் புளிக்கச் சூடு வரும். அதால குளிர் இரவில தானியத்தைக் கூட்டாமல் காய்ஞ்ச புல்லைத்தான் கூட்ட வேணும். காதின்ர அடியைத் தொட்டுப் பாருங்கோ, அது குளிர்ந்து கிடந்து உடம்பும் நடுங்கினா உடன துடைச்சு ஒதுக்கில கட்ட வேணும், அந்த நேரம் மட்டும் ஒரு காய்ஞ்ச சாக்கோ போர்வையோ முதுகில போடுறது பிழையில்லை, காய்ஞ்ச உடன எடுத்துப் போடுங்கோ.

மெலிஞ்ச குதிரையோட மாரிக்குள்ள போகாதேங்கோ. புரட்டாசியில விலாவைத் தடவிப் பாருங்கோ. எலும்பு கைக்குத் தெரியலாம், கண்ணுக்குத் தெரியக் கூடாது.

கொட்டில் எப்பிடி இருக்க வேணும்?

பெரிய செலவு தேவையில்லை. மேல தகரமோ கிடுகோ, ஒழுகாமல் இருந்தாச் சரி. நாலு பக்கமும் அடைக்காதேங்கோ, மூத்திர ஆவி உள்ளுக்க நிண்டா நுரையீரல் பழுதாகும், மழைக் காத்து வாற பக்கம் மட்டும் மறைப்பு. நிலந்தான் முக்கியம். சுத்தி இருக்கிற நிலத்தை விட ஒரு அடியாவது உயத்தி, கிரவல் போட்டு இடிச்சு, சாய்வு வச்சு, கொட்டிலைச் சுத்தி ஒரு வாய்க்கால் வெட்டி விடுங்கோ. படுக்கைக்கு மரத்தூளோ மணலோ. உமி போட்டா சில குதிரை அதையே தின்னப் பாக்கும், அப்பிடியெண்டா நிப்பாட்டுங்கோ.

மன்னாரில கழுதை வச்சிருக்கிற ஆக்களும் இதையே கேக்கினம். கழுதைக்கு இன்னும் கவனமா இருங்கோ, அதின்ர மயிர் குதிரை மயிர் மாதிரித் தண்ணியை வழிய விடாது, உள்ளுக்க இழுத்துப் போடும், அதால கழுதைக்கு மழை ஒதுக்கு கட்டாயம்.

குளம்பு மணக்குது, கறுப்பா ஏதோ வருது. என்ன அது?

இதுதான் கூடக் கேக்கிற கேள்வி. குதிரையின்ர காலைத் தூக்கிக் குளம்பின்ர அடியைப் பாத்தா, நடுவில முக்கோணமா றப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரு நீளப் பள்ளம், நடுவில ஒரு சின்னப் பள்ளம். சேறும் சாணியும் அந்தப் பள்ளத்துக்க அடைஞ்சு, காத்துப் படாமல் கிடந்தா, காத்தில்லாத இடத்தில வளர்ற கிருமி அந்த றப்பரைத் தின்னத் தொடங்கும். முதல் வருசம் எனக்குத் தெரியாது. செல்லியின்ர பின்னங்காலைத் தூக்கி ஒரு குச்சியால கிளறினன், கறுப்புத் தார் மாதிரி வந்துது, மணம் எண்டா அப்பிடி ஒரு மணம், செத்த எலியும் அழுகின முட்டையும் சேந்த மாதிரி, கையைச் சவர்க்காரம் போட்டு மூண்டு தரம் கழுவியும் போகேல்லை. குச்சி நடுப்பள்ளத்துக்க கொஞ்சம் கூடப் போன உடன அவள் காலை வெடுக்கெண்டு இழுத்தாள். நோகுது எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது, ஒரு கிழமையா அவள் மெதுவா நடந்ததை நான் வயசு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான், ஆனா ஒவ்வொரு நாளும் செய்ய வேணும். காலையும் பின்னேரமும் நாலு காலையும் தூக்கிக் கிண்டிச் சுத்தம் பண்ணுங்கோ (நான் வெல்டிங் கடையில ஒரு பழைய ஆணியை வளைச்சுக் கொக்கி செய்விச்சனான், முனை மழுங்கலா இருக்க வேணும்). குதியிலயிருந்து முன்பக்கமாக் கிண்டுங்கோ. ஏற்கனவே அழுகியிருந்தா தண்ணி கலந்த அயடீனைப் பஞ்சில நனைச்சுப் பள்ளத்துக்க வையுங்கோ. துருசு வைக்கிற ஆக்களும் இருக்கினம், அது கடும் சாமான், பச்சைத் தசையில பட்டா இன்னும் சுட்டுப் போடும், அதால நான் வைக்கிறேல்லை. மருந்தை விட முக்கியம், ஒரு நாளைக்குச் சில மணித்தியாலமாவது கால் காய்ஞ்ச நிலத்தில நிக்க வேணும். பள்ளம் ஆழமாப் போய் இரத்தம் வந்தா, கால் வீங்கினா மிருக வைத்தியர்தான்.

லாடன் அடிக்காமல் விடலாமோ எண்டும் கேக்கினம். வன்னியில குதிரைக்கு வடிவா லாடன் அடிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டம். மாரியில குளம்பு ஊறி மெதுவாகும், அந்த நேரம் பிழையா அடிச்ச ஆணி சுவரைப் பிளந்து போடும். தார் ரோட்டில தூரம் ஓடாத குதிரைக்கு லாடன் இல்லாமலே விடுங்கோ, ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா அராவி விட்டாக் காணும்.

முதுகில மயிர் கொத்துக் கொத்தாப் பொருக்கோட கழருது?

மழைப் பொருக்கு. கழண்டு வாற மயிரைப் பாருங்கோ, சின்ன பெயின்ட் பிறஸ் மாதிரி அடியில ஒட்டிக்கொண்டு வரும். நனைஞ்ச தோலுக்க ஒரு பக்டீரியா பூந்து செய்யிற வேலை. மழை ஒதுக்கு, அயடீன் இல்லாட்டிக் குளோர்ஹெக்சிடீன் போட்ட கழுவல், பத்து நிமிசம் ஊற விட்டுக் கழுவி, முக்கியமாத் துடைச்சுக் காய வைக்கிறது. பொருக்கைப் பலமாப் பிய்க்காதேங்கோ, நோகும், இளகினதை மட்டும் எடுங்கோ. ஒரு குதிரைக்குப் போட்ட பிறஸ், துணி, சேணத்துக்குக் கீழ போடுற சாக்கு ஒண்டையும் மற்றதுக்குப் போடாதேங்கோ, தொத்தும். காயும் மட்டும் சேணம் வைக்கக் கூடாது. எண்ணெய் பூசச் சொல்லுறவை சொல்லுவினம், நான் பூசிப் பாத்தன், ஈரத்தை உள்ளுக்க பூட்டி வச்சு இன்னும் பரவினது.

மாட்டுக்குப் போடுறதையே குதிரைக்கும் போடலாமோ?

தயவு செய்து வேண்டாம், இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். எங்கட சனத்துக்கு மாடு வடிவாத் தெரியும், அதாலதான் குதிரை சாகுது. மாட்டுக்கு நாலறை வயிறு, அசை போடும், கனக்க நஞ்சை அந்தப் பெரிய வயித்துக் கிருமியளே முறிச்சுப் போடும். குதிரைக்குச் சின்ன ஒரு வயிறுதான், தின்னது பிழையெண்டா சத்தியெடுக்கவும் ஏலாது.

முதலாவது, கோழித்தீன். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் தீனில மொனென்சின் எண்ட மருந்து சேக்கிறவை, மாட்டுத்தீன் சிலதிலயும் இருக்கும். மாடு தாங்கும். குதிரைக்கு அது இருதயத் தசையைப் பழுதாக்கிச் சாக்காட்டிப் போடும், கொஞ்சமும் காணும். பையில என்ன இருக்கெண்டு தெரியாத தீனை வைக்காதேங்கோ, கோழித்தீன் அள்ளின பேணியால கூட அள்ளாதேங்கோ.

இப்பில் இப்பில் ஆட்டுக்கு நல்ல குழை. குதிரைக்குக் குடுத்தா பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும், குளம்பும் கெடும், அதில இருக்கிற மிமோசின்தான் காரணம். கிளிசரிடியாக் குழையும் குதிரைக்குக் கூடாது. வேலியில நிக்கிற அலரி, மஞ்சளோ சிவப்போ, ரெண்டும் நஞ்சு, காய்ஞ்ச இலையும் நஞ்சுதான். மழைக் காத்துக்குக் கொப்பு முறிஞ்சு கொட்டில் பக்கம் விழும், அதால குதிரை நிக்கிற இடத்தில அலரியே நிக்க வேண்டாம்.

அடுத்தது சிஓ 3 புல்லும் கினிப்புல்லும். எல்லாரும் நட்டு வச்சிருக்கினம், நானும் வெட்டிப் போடுறனான். ஆனா அந்த ஜாதிப் புல்லுகள்ல ஒட்சலேற் இருக்கு, அது கல்சியத்தைப் பிடிச்சு வச்சு உடம்புக்குச் சேர விடாது. அதோட நெல்லுத் தவிட்டையும் அள்ளி வச்சா, தவிட்டில பொசுபரசு கூட, கல்சியம் குறைவு, ரெண்டும் சேந்து உடம்பு எலும்பிலயிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும், மாசக் கணக்கில முகத்து எலும்பு வீங்கி, ஒரு நாள் இந்தக் கால் மறு நாள் மற்றக் கால் எண்டு நொண்டும். அதால தவிடு ஒரு கைப்பிடி, ருசிக்கு மட்டும், தீனுக்குச் சேக்கிற கல்சியத் தூள் ஒவ்வொரு நாளும் (வெத்திலைச் சுண்ணாம்பு இல்லை!), வரம்பில வளர்ற அறுகும் மற்றப் புல்லும் கலந்து போடுங்கோ.

கணக்கு எண்டா, குதிரையின்ர ஒவ்வொரு 100 கிலோ நிறைக்கும் நாளுக்கு ஒண்டரையிலயிருந்து ரெண்டு கிலோ காய்ஞ்ச தீன். 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாலு, அஞ்சு கிலோ. பச்சைப் புல்லில முக்கால்வாசிக்கு மேல தண்ணி, அதால பச்சையா எண்டா இருவது, இருவத்தஞ்சு கிலோ வரும். மாரிப் புல்லைப் பாத்து ஏமாறாதேங்கோ, வயிறு நிறையும், சத்துக் காணாது. கொள்ளு போடுறதெண்டா ஊற வச்சு அவிச்சுக் கொஞ்சமாப் போடுங்கோ. உப்பு மறக்க வேண்டாம்.

மாரிக்கு வைக்கல் காணுமோ?

வைக்கல் மட்டும் காணாது. நெல்லு வைக்கலில சத்துக் குறைவு, முரட்டு நார், பல்லுப் போன குதிரைக்குக் குடலில அடைக்கும். அரைவாசிக்குக் கீழ வையுங்கோ. மாட்டுக்கு யூரியா போட்டுப் பதப்படுத்தின வைக்கலைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

நான் செய்யிறது, மழை விட்டு மாசி, பங்குனியில புல்லு நிமிந்து நிக்கேக்க வெட்டிக் காய வச்சு, அடுத்த மாரிக்கெண்டு கட்டி வைக்கிறது. நிலத்தில வைக்கக் கூடாது, தடி அடுக்கி அதுக்கு மேல. படங்கைப் புல்லோட ஒட்ட மூடினா வேர்க்கும், இடைவெளி விடுங்கோ. கட்டுக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ, சூடாயிருந்தா உள்ளுக்க புளிக்குது. உதறேக்க வெள்ளைத் தூசி பறந்தா, மக்கின மணம் மணந்தா, எறியுங்கோ. எறியிறதுக்கு மனம் வராது எண்டு தெரியும், ஆனா எறியுங்கோ.

குதிரை படுத்துப் பிரளுது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது?

வயித்துக் குத்து. ஆக்களுக்கு வாற மாதிரி இல்லை, குதிரை சாகிற வருத்தங்களில இது முன்னுக்கு நிக்கிறது. 2019 கார்த்திகையில ஒரு இரவு செல்லி தீனைத் தொடேல்லை. முன்னங்காலால சேத்தைக் கிண்டுறாள், விலாவைத் திரும்பிப் பாக்கிறாள், படுக்கிறாள், எழும்புறாள். ரோச் லைட் பிடிச்சு உதட்டைத் தூக்கி முரசில விரலை அமத்தி விட்டன், வெள்ளையான இடம் திரும்பச் சிவக்க மூண்டு நாலு செக்கன் எடுத்துது, ரெண்டு செக்கனுக்குள்ள வர வேணும். தாடைக்குக் கீழ நாடி நிமிசத்துக்கு 60. சும்மா நிக்கேக்க 28க்கும் 44க்கும் இடையில இருக்க வேண்டியது. வயித்தில காதை வச்சன், வழமையா இடி முழங்கிற மாதிரிக் கேக்கிறது, ஒரு பக்கம் ஒண்டுமே இல்லை.

மிருக வைத்தியருக்கு அடிச்சன், வரச் சுணங்கும், ரோட்டில தண்ணி, தீன் முழுக்க எடு, பிரளாமல் பாத்துக்கொள் எண்டார். மழைக்க மெதுவா நடத்தினன், களைக்க நிப்பாட்டினன், திரும்ப நடத்தினன். விடியப்புறம் அவர் வந்து ஊசி போட்டு, மூக்கால குழாய் விட்டார். விடிஞ்சு ஏழு மணிக்கு ஒரு சின்னச் சாணி போட்டாள், நான் அழுதிட்டன். காரணம் என்ர பிழைதான், ரெண்டு நாள் முதல் படங்கு ஓட்டையால நனைஞ்ச புல்லைப் பரவாயில்லை எண்டு போட்டனான்.

நீங்கள் செய்ய வேண்டாத ஒண்டு: வாயால எண்ணெய், சோடா, கசாயம் ஊத்துறது. மாட்டுக்கு ஊத்திற மாதிரி மூங்கில் குழலால குதிரைக்கு ஊத்தினா நுரையீரலுக்க போகும். மாரி தொடங்க முதலே வைத்தியர்ட நம்பரை எடுத்து வச்சு, உங்கட குதிரையின்ர வழமையான நாடி எவ்வளவு எண்டு எழுதி வையுங்கோ. எங்கட பக்கத்து வைத்தியர்மாருக்கு மாடுதான் பழக்கம், மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில இருக்கு, தேவையெண்டா அங்க கேட்டுச் சொல்லச் சொல்லி அவரிட்டயே கேளுங்கோ, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்.

தண்ணி எவ்வளவு குடிக்கும்?

100 கிலோவுக்கு ஒரு அஞ்சு லீற்றர், காய்ஞ்ச புல்லெண்டா கூட. வெள்ளம் பூந்த கிணத்துத் தண்ணியைக் குளோரின் போட்டு இறைக்கும் மட்டும் குடுக்காதேங்கோ. வயல்ல தேங்கி நிக்கிற தண்ணியும் வேண்டாம், மருந்தடிச்ச தண்ணி, எலி மூத்திரமும் இருக்கும். எங்களுக்கு எலிக்காய்ச்சல் தாற அதே கிருமி குதிரைக்குக் கண்ணில நோய் குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குருடாக்கும். மாரியில கண் கலங்கி, வெளிச்சத்துக்குக் கூசினா நாளைக்குப் பாப்பம் எண்டு விடாதேங்கோ.

நுளம்பு, இலையான், ஊசி?

பின்னேரம் வேப்பிலைப் புகை, கொட்டிலுக்கு வெளியில, காத்து வாற பக்கமா. சாணியை ஒவ்வொரு நாளும் தூரக் கொண்டு போய்க் குவியுங்கோ, பாதி இலையான் அதோட போகும். ஏற்புவலி ஊசி கட்டாயம், குதிரையைப் போல அதுக்குப் பயப்பட வேண்டிய மிருகம் இல்லை, சேத்துக்க ஒரு ஆணி கீறினாலே போதும். வயித்துப் பூச்சி மருந்து வைத்தியரிட்டக் கேட்டு, நிறைக்கேத்த அளவில.

மழைக்க சவாரி போகலாமோ?

தூறலுக்க போகலாம். ஐப்பசியில பின்னேர மழை இடி மின்னலோட வரும், வெளியில குதிரைக்கு மேல இருக்கிற நீங்கள்தான் உயரமான பொருள், அதால ஐப்பசியில காலமைதான் ஓட்டம். கார்த்திகை, மார்கழியில இடி குறைவு, வெளிச்ச இடைவெளி பாத்துப் போகலாம். ஈரத் தார் ரோட்டில நடைதான். கிரவல் ரோட்டில மெல்லோட்டம், ஆனா ஊறின குளம்புக்குக் கல்லுக் குத்தும், குதிரை தலையைத் தூக்கிக் குறுகின அடி வச்சா இறங்கி நடவுங்கோ. தண்ணி நிக்கிற குழிக்குள்ள இறக்காதேங்கோ, ஆழமும் தெரியாது, முட்கம்பியும் தெரியாது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் குடுத்து வச்சவை, ஈர மணல் போல நல்ல நிலம் வேற இல்லை.

திரும்பி வந்து சேணத்தைக் கழட்டி, முதுகை வைக்கலால உரஞ்சிக் காய வச்சிட்டுத்தான் நீங்கள் தேத்தண்ணி குடிக்க வேணும். தோல் சாமானை வெயில்ல போடாதேங்கோ, நிழல்ல காத்துக்குத் தொங்க விடுங்கோ.

போகக் கூடாத இடம் எண்டு இருக்கோ?

இருக்கு. மிதிவெடிப் பலகை நிக்கிற பக்கம், முந்தி சண்டை நடந்த காணி, ஆக்கள் நடக்காத பத்தை, ஒண்டுக்கும் குதிரையை இறக்காதேங்கோ. முகமாலைப் பக்கம் எத்தினை வருசமா வெடி எடுத்தினம் எண்டு உங்களுக்குத் தெரியும். வெள்ளம் மண்ணை அரிச்சு, வெடியை இடம் மாத்தியும் போடும், போன வருசம் போன பாதை எண்டு நம்பேலாது. சனமும் சைக்கிளும் போற பாதையில மட்டும் போங்கோ. மற்றது யானை. மாரியில வயலுக்கு வரும், விடியப்புறமும் பொழுது படேக்கயும் காட்டோர ரோட்டு வேண்டாம், குதிரை காதை நிமித்தி ஒரு பக்கமே பாத்துக்கொண்டு நிண்டா நீங்கள் ஒண்டையும் காணாட்டிலும் திரும்புங்கோ.

வெள்ளம் வந்தா?

கட்டி வைக்காதேங்கோ. 2018 டிசம்பர் 21, 22இல இரணைமடுக் கதவுகள் திறந்து தண்ணி பரவேக்க, எங்கட பக்கம் கட்டின கயித்தோட செத்த மாடுகளைப் பாத்தனான். நான் இரவு இடுப்பளவு தண்ணிக்க போய்ச் செல்லியின்ர கயித்தை வெட்டி விட்டன். அவள் தானாவே மேட்டு ரோட்டுக்கு ஏறி, விடிய அங்க பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில நிண்டாள். இப்ப மழை எச்சரிக்கை வந்தா படலையைத் திறந்து, மேட்டுப் பக்கம் முன்கூட்டியே கொண்டு போய் விடுறனான். கழுத்தில போன் நம்பர் எழுதின பட்டி மட்டும்.

அவிட்டு மேய விடலாமோ?

மாரி நெல்லு நிக்கிற காலபோகத்தில ஏலாது. ஊரில மாடே காட்டுப் பக்கம் கொண்டு போறவை. வயலுக்க ஒரு இரவு பூந்தா ஒரு குடும்பத்தின்ர நெல்லுப் போகும், பிரதேச சபை கட்டாக்காலி எண்டு பிடிச்சா தண்டமும் கட்ட வேணும். நல்ல வேலி போடுங்கோ. முட்கம்பி வேண்டாம், குதிரை வெருண்டா அதுக்குள்ளயே பாயும்.

நெடுந்தீவில ஒரு குதிரை பிடிச்சுக்கொண்டு வரலாமோ?

இல்லை. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில வந்து காட்டுக் குதிரையாப் போனதுகள், பாதுகாக்கப்பட்டதுகள், தீவை விட்டுக் கொண்டு போக விட மாட்டினம். அதுகளுக்குக் கஷ்டம் மாரி இல்லை, கோடையில தண்ணி இல்லாததுதான். பாக்கப் போங்கோ, பாத்திட்டு வாங்கோ.

அருவி வெட்டு முடிஞ்ச வயல்ல விடலாமோ?

உடன வேண்டாம். மெசின் வெட்டின வயல்ல நெல்லுக் கொட்டிக் கிடக்கும், மாடு தின்னும், குதிரை தின்னா வயிறு பெருக்கும், ரெண்டு நாளில குளம்புக்குள்ள அழற்சி வந்து நிக்கவே ஏலாமல் போகும். பின்னங்காலை முன்னுக்கு வச்சு, முன்னங்காலை நீட்டிக்கொண்டு நிண்டா அதுதான், உடன வைத்தியர். நான் காகமும் கொக்கும் மாடும் ஒரு கிழமை, பத்து நாள் பொறுக்கின பிறகு, முதல் நாள் அரை மணித்தியாலம், அதுவும் வயிறு நிறையக் காய்ஞ்ச புல் போட்டிட்டுத்தான் இறக்கிறனான். சவாரி மாடு வளக்கிற ஆக்கள் ஓட்டத்துக்கு மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்குவினம், மூண்டு மாசம் கொட்டிலில நிண்ட குதிரைக்கும் அப்பிடித்தான், தையில ரெண்டு மூண்டு கிழமை நடை, பேந்து மெல்லோட்டம், மாசி கடைசியிலதான் செல்லியைக் குளக்கட்டில ஓட விடுறனான்.